இடது கை: சும்மா

எங்கள் ஆய்வின் முடிவு பூஜ்யம் என்று தெரிந்த அன்று பேராசிரியர் பெர்தோமோ சந்தோஷமாகத்தான் இருந்தார். இடது கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், அதே கையில் மாத்தேக் குடுவை; இந்த மூலிகைத் தேநீர் இல்லாமல் எங்கள் நாட்டில் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். வலது கையால் வெந்நீர் ஊற்றி, குழாயில் ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னார்.

"பூஜ்யமும் ஒரு முடிவுதான் நிபியா. சுத்தமான பூஜ்யம். வியாழக்கெழம இன்டர்வியூல அப்படியே சொல்லிடு."

அவருக்கென்ன, நிரந்தர வேலை. எனக்கு வயது முப்பத்து நான்கு. எட்டு வருடம் மொந்தேவிதேயோ மருத்துவமனைகளில் பிசியோதெரபிஸ்டாக மாரடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். துறையில் ஐந்து வருட ஆராய்ச்சிப் பணியிடம் ஒன்றே ஒன்று காலியாகியிருந்தது. போட்டிக்கு சால்த்தோ ஊர்க்காரர் ஒருவர்; அவர் பெயரில் ஏற்கெனவே நான்கு கட்டுரைகள். என் கையில் இருந்தது மூன்று வருடம் உழைத்த இந்த ஓர் ஆய்வுதான்.

பக்கவாதத்தில் இடது கை பலவீனமான இருபது பேர். பத்துப் பேருக்கு நாங்கள் உருவாக்கிய பயிற்சி, மற்றப் பத்துப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. முடிந்ததும் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கட்டி மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பினோம். கை அசைந்தால் கருவி எண்ணும். எங்கள் பயிற்சிக் கூடத்தில் பத்துப் பேரும் டம்ளரைப் பிடித்தார்கள், துண்டு மடித்தார்கள், ஜோராகச் செய்தார்கள். வீட்டுக்குப் போனால் அந்தக் கை வெறும் கட்டை. கருவி அப்படித்தான் சொன்னது; பயிற்சி பெறாத பத்துப் பேருக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

எனக்கு ஆத்திரம். அதைவிட, ஏன் என்ற குடைச்சல். இங்கே டம்ளர் பிடித்த கை அங்கே என்னதான் செய்கிறது?

சனிக்கிழமை காலை, பயிற்சி பெற்றவர்களில் ஒருவரான வால்டெமார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அறுபத்தெட்டு வயதிலும் குரல் கடைசி சீட் வரை கேட்கும்.

"வாங்க டாக்டரம்மா!"

"நான் டாக்டர் இல்லங்க ஐயா."

"அப்ப ஏன் என்னையே மொறச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"கைய வச்சு என்ன செய்றீங்கன்னு பாக்க வந்தேன். நான் இல்லன்னு நெனச்சுக்கோங்க."

"அது எப்படி, இவ்ளோ பெரிய ஆள இல்லன்னு நெனைக்கிறது?" என்று அவர் சிரிக்க, அடுப்படியிலிருந்து அவர் மனைவி எலிதாவும் சிரித்தார்.

இரண்டு மணி நேரம் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுதினேன். '10.20, வாசலில் நிற்கிறார், எதிர்வீட்டுக்காரரோடு கால்பந்து வம்பு. இடது கை: சும்மா.' '10.30, கோழிக்கு இரை போடுகிறார். இடது கை: சும்மா.' இப்படிப் பன்னிரண்டு தடவை. பாவம் பெர்தோமோ, அவர் சொன்னது சரிதான் என்று எழுந்தேன்.

வால்டெமாருக்கு என் முகம் பிடிக்கவில்லை.

"என்னமோ நான் பரீச்சைல பெயிலான மாதிரி பாக்குறீங்க. அந்தக் கருமத்த மூணு நாள் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க ஒரு நாளாவது கட்டிப் பாத்தீங்களா?"

கட்டிப் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட. சுருக்கென்றது. ஞாயிறு காலை இரண்டு கையிலும் கட்டிக்கொண்டேன். தங்கையோடு கடற்கரைச் சாலையில் நடந்தேன், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கதை பேசினேன், திரும்ப நடந்தேன்.

திங்கட்கிழமை கணினியில் போட்டால், சிவப்பு எழுத்தில் தீர்ப்பு: இடது கைப் பயன்பாடு மிகக் குறைவு, கடும் பாதிப்பு.

எனக்கு எப்போது வாதம் வந்தது? இடது கையை நீட்டி மடக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நேற்று இந்தக் கை என்ன செய்தது என்று யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை. பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, மாத்தேயைப் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்கச் சும்மாதான்...

நோட்டைத் திறந்தேன். பன்னிரண்டு 'சும்மா'. பன்னிரண்டு தடவையும் வால்டெமாரின் கக்கத்தில் ஒரு லிட்டர் பிளாஸ்க். விரல்களில், விளிம்பு வரை சூடான தண்ணீர் நிரம்பிய குடுவை, ஒரு சொட்டுச் சிந்தாமல். அசையாமல் பிடிப்பதுதான் அந்தக் கையின் வேலையே. அசைவை மட்டும் எண்ணுகிற கருவிக்கு அது தெரியாது. யாரோ வேற்று நாட்டில் செய்தது. பிறந்ததிலிருந்து அதையே பார்க்கிற எனக்கும் அல்லவா தெரியவில்லை! வெட்கம் பிடுங்கித் தின்றது.

எலிதாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பயிற்சிக்கு வர்றதுக்கு முன்னாடி பிளாஸ்க்க யார் தூக்குவாங்க?"

"யாரும் தூக்கல. ஒம்பது மாசம் மனுசன் வாசப்படி தாண்டல. நான் தூக்கிட்டு வரேன், வாங்கன்னேன். 'நீ பொதி சொமப்ப, நான் கைய வீசிட்டு வரணுமா'ன்னு ஒரே கத்து. உங்ககிட்ட வந்து ஆறாவது வாரம், தானா எடுத்து இடுக்கிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. நான் ஜன்னல்ல நின்னு அழுதேன்."

"ஐயோ, இத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"யாரு கேட்டா? சட்டப் பொத்தான் போடுறாரா, கதவத் தெறக்குறாரான்னு நாலு பக்கம் கேட்டீங்க. இதக் கேக்கலையே."

பெர்தோமோவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அளவுகோலே தப்புன்னு அங்க போய்ச் சொல்லுவியா? மூணு வருஷமும் போச்சும்பாங்க. பூஜ்யத்தோட நிறுத்திக்க."

வியாழக்கிழமை தேர்வுக் குழுவில் ஐந்து பேர். பூஜ்யத்தையும் சொன்னேன், என் இடது கைக்கு வந்த சிவப்புத் தீர்ப்பையும் சொன்னேன். ஓர் அம்மாள் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை.

"அப்ப உங்க பயிற்சி வேலை செய்யுதா, இல்லையா?"

"தெரியாதுங்க. ஒருத்தர் வீட்டு சேதி மட்டும்தான் தெரியும்."

"அசையாத கைய எப்படி அளப்பீங்க?"

"அதுவும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"தெரிஞ்சிருந்தா எனக்கு எதுக்குங்க அஞ்சு வருஷம்?"

வாய் தவறி வந்துவிட்டது. வெளியே வந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் நாலு மணிக்குச் செயலாளர் கூப்பிட்டார். மூன்றுக்கு இரண்டு ஓட்டு, வேலை எனக்கு. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பயிற்சி வேலை செய்கிறது என்று உலகத்துக்கே நிரூபித்துவிடலாம் போலிருந்தது. அந்தச் சூட்டோடு இருபது பேர் பட்டியலை எடுத்து, மேலே இருந்த பெயரைக் கூப்பிட்டேன். தெல்மிரா, தையல்காரர், தனியாக இருப்பவர். எங்கள் பயிற்சி கிடைக்காத பத்துப் பேரில் ஒருவர்.

"உங்க வீட்ல பிளாஸ்க்க யாரும்மா தூக்குறாங்க?"

"நான்தான்."

"எந்தக் கையில?"

"எடதுலதான். ஆஸ்பத்திரிலேருந்து வந்த மறுவாரத்துலேருந்து."

"எங்க பயிற்சி எதுவும் இல்லாமயே எப்படிம்மா முடிஞ்சுது?"

"என்ன கேள்வி இது?" என்றார் தெல்மிரா. "எனக்கு வேற யாரு இருக்கா, தூக்கிட்டு வர?"