மூன்று நாள் லீவு

வாப்பா மவுத்தான செய்தி பைசலுக்கு வந்தபோது காலை ஒன்பதரை மணி. கும்மிடிப்பூண்டியில், கார் கதவுக்குத் தகடு அடிக்கிற கொரியக் கம்பெனியில் அவனுக்கு வேலை. புது பிரஸ் மெஷினுக்கு அன்றுதான் சோதனை ஓட்டம். அதன் புரோகிராம் முழுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பழவேற்காட்டிலிருந்து போனில் பேசியது அக்காவின் புருஷன் சஹாபுதீன்.

"பைசலு, மாமா மவுத்தாயிட்டாருடா. இன்னிக்கு சாயங்காலம் அஸர் தொழுதுட்டு அடக்கம்னு ஜமாத்துல சொல்லிட்டாங்க. இன்னா வேலையா இருந்தாலும் உட்டுட்டு வந்துடு."

பைசல் நேரே மேனேஜர் லிம் முன்னால் போய் நின்றான். லிம் கொரியாவிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலையில் சிடுசிடுப்பு, ஆனால் கேண்டீனில் எல்லோரோடும் வரிசையில் நின்று சாம்பார் சாதம் வாங்குகிற மனிதர். செய்தியைக் கேட்டதும் எழுந்து, பைசலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. இருவருக்கும் பொதுவான அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்.

"நீ மூத்த மகனா?"

"ஒரே மகன் சார்."

"சியோலிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். இன்று சோதனையை முடித்துக்கொடு. பிறகு என் கார் உன்னைக் கொண்டுபோய் விடும். நாளையிலிருந்து மூன்று நாள் லீவு. நாளைக்கு நானும் வருகிறேன்."

இன்றைக்கே அடக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலதிகாரி முகத்துக்கு நேரே மறுத்துப் பேச நமக்கு எங்கே நாக்கு எழும்புகிறது? தவிர, அன்றன்றைக்கே அடக்கம் செய்வது ஊர் உலகத்துக்கே தெரிந்த சங்கதி என்று பைசல் நினைத்தான். தெரிந்தும் நிற்கச் சொல்கிறாரே, இவரும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்தானே என்று வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு, "சரி சார்" என்று தலையை ஆட்டினான்.

இரண்டு மணிக்கு முடிய வேண்டிய சோதனை, தகடு விரிசல் விட்டு விட்டு இழுத்துக்கொண்டே போனது. மூன்று மணிக்கு சஹாபுதீன் மறுபடியும் கூப்பிட்டான்.

"எங்கடா கீற?"

"வந்துகினே கீறேன் மச்சான்."

மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னான். கம்பெனி கேட்டைத் தாண்டியபோது மணி ஐந்தரை. பொன்னேரி வழியாகக் கார் பறந்து பழவேற்காடு போய்ச் சேர்ந்தபோது, அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பிவிட்டிருந்தார்கள். கபர்க்குழியில் மூன்று பிடி மண்ணை ஊரே போட்டிருந்தது. பெற்ற மகன் போடவில்லை.

"உனக்கோசரம் அரை மணி நேரம் நிறுத்திகினு இருந்தோம்டா. அதுக்கு மேல வெக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்று அக்கா ரமீஸா அழுதாள். உம்மா, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவனை அதிகமாகக் கொன்றது. லிம் வரட்டும், அடையாள அட்டையை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிகிறேன் என்று கறுவிக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் பத்து மணிக்கு லிம் வந்தார். கொளுத்துகிற வெயிலில் கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவர், கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்பா எங்கே?"

"நேற்றே அடக்கம் பண்ணிட்டாங்க சார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"அஞ்சு மணிக்கு நீ என் மெஷினில் இருந்தாய்! மகன் இல்லாமல் எப்படி?"

"எங்களில் காக்க வைப்பதில்லை சார்."

லிம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கள் ஊரில் மூன்று நாள் வைத்திருப்போம். என் அப்பா இறந்தபோது நான் வெளிநாட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார். உன் அப்பாவும் காத்திருப்பார் என்று நினைத்தேன். ஏன் சொல்லவில்லை?"

"இன்னாடா சொல்றாரு?" என்றான் சஹாபுதீன்.

"தெரியாம நிக்க வெச்சிட்டாராம் மச்சான்."

"அவருக்குத் தெரியாது, சரி. உன் வாய்ல இன்னா, கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

ராத்திரியெல்லாம் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று பைசலுக்குத் தெரியவில்லை.

கபரைப் பார்க்க வேண்டும் என்றார் லிம். மையவாடிக்குக் கூட்டிப் போனான். மண் இன்னும் ஈரமாக இருந்தது. லிம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கி, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடப் போனார். பைசல் பதறி அவர் தோளைப் பிடித்தான்.

"வேண்டாம் சார். படைத்தவனைத் தவிர யாருக்கும் எங்களில் அப்படி விழக் கூடாது."

லிம் உடனே நிமிர்ந்தார். முகம் சுளிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. "மன்னித்துக்கொள். தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

ஒரே ஒரு 'வேண்டாம்'. அதற்கே நின்றுவிட்டார். நேற்றும் சொல்லியிருந்தால் நின்றிருப்பார், காரையும் கொடுத்து அனுப்பியிருப்பார். பைசலுக்கு அது அப்போதுதான் உறைத்தது. கபருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, செய்தி வந்ததிலிருந்து அழாதவன் வாய்விட்டு அழுதான்.