வலையைப் பிடித்திருந்தது

இருட்டறைக்குள் போய்விட்டால் வெளியே வெயிலா மழையா என்பதே அவளுக்கு மறந்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் கறுப்புத் தண்ணீருக்குள் நீலப் பொட்டுகள் மிதப்பதுபோலத் தெரியும். ஒரு செல்லுக்கு இரண்டு பொட்டுகள். பெரியது உட்கரு. வால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னது, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அது வெறும் நூல் இல்லை. ஆயிரக்கணக்கான குட்டி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்ட வலை. மனிதரின் இரத்தத்தில் நீந்தி ஆளைப் படுக்கையில் தள்ளுகிற இந்த ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் உடம்பில் இத்தனை அழகான பொருள் இருப்பது அவளுக்கு ஒருநாளும் பழகவில்லை.

அந்த வலையைப் பராமரிக்கும் புரதங்களில் ஒன்று அண்ணி ஆராய்ந்தது. அவளை இந்த லேபுக்கு இழுத்து வந்ததே அண்ணிதான். செல் இரண்டாகப் பிரியுமுன் வளையங்கள் வலையிலிருந்து கழன்று, படியெடுக்கப்பட்டு, மறுபடி கோக்கப்பட வேண்டும். கழற்றிவிடுவது இந்தப் புரதம்தான் என்று அண்ணி கட்டுரை எழுதிப் பேர் வாங்கியிருந்தாள். லேபில் எல்லோரும் அதைக் ‘கத்தரி’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

பிரசவ விடுப்பில் போகும்போது அண்ணி சொன்னாள்: “கத்தரிய பத்திரமா பாத்துக்கோ. வயித்துல இருக்கறது ரெண்டாவதுதான். கத்தரிதான் எனக்கு மூத்தது.”

கத்தரி இல்லாத செல்களை அவள் வளர்த்தாள். அண்ணி எழுதியபடி, வளையங்கள் பெருகாமல் வலை மெல்ல மெல்லச் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. சில செல்களில் வலை ஊதிப் பெரிதாகி, வாலை விட்டு விலகி, கயிறறுந்த படகுபோல எங்கோ கிடந்தது. பக்கத்துச் செல்லில் வலையே இல்லை. பிரியும்போது ஒரு மகள் செல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போக, மற்றவள் வெறுங்கையோடு நின்றாள்.

ஸ்லைடு அழுக்கோ என்று மறுபடி செய்தாள். அதே படம். சாதாரண செல்களில் அந்தப் புரதத்துக்குப் பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தாள். வலைக்கும் வாலின் அடிக்கும் நடுவே, இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஒரு பச்சை இழை. இருட்டில் அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உடம்பு லேசாகி, தானும் அதில் தொங்குவதுபோல இருந்தது. பிறகுதான் புரிந்தது. இது எதையும் கழற்றவில்லை. கட்டி வைத்திருக்கிறது.

வீட்டில் அண்ணிக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள், துணி மடித்தாள், அண்ணி லேபைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாள். கடைசியில் அண்ணியே பிடித்துக்கொண்டாள்.

“என்ன, என் கத்தரிய கொன்னுட்டியா?”

“இல்ல அண்ணி. அது... கத்தரியே இல்லன்னு தோணுது.”

போனிலிருந்த படத்தை நீட்டினாள். அண்ணி பெரிதாக்கிப் பார்த்தாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

“வலையில்லாத செல்ல நானும் பாத்திருக்கேன்” என்றாள். “சுருங்கிச் சுருங்கிக் காணாமப் போச்சுன்னு நினைச்சேன். பக்கத்துல இருந்த குண்டு வலைய ஏன் நான் எண்ணிக்கையில சேக்கல?”

அவள் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

“உன்மேல கோவம் இல்ல” என்றாள் அண்ணி. “எரிச்சல்தான். கொஞ்ச நேரம் எரிஞ்சுக்கறேன், விடு.”

மறுநாள் காலை அண்ணி சொன்னது ஒன்றுதான்: “புரதத்தத் திருப்பிக் குடுத்துப் பாரு. அது கயிறுன்னா, வலை திரும்ப வந்து ஒட்டணும்.”

கொடுத்தாள். வலையை இன்னும் இழக்காத செல்கள் வளர்ந்து பிரியும்வரை காத்திருந்து, ஸ்லைடு தயாரானதும் அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணி குழந்தையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, தலைகூடச் சரியாக வாராமல் வந்தாள். இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

அண்ணி கண்ணை வைத்தாள். நீல வலைகள் வால்களின் அடியில் வந்து அமர்ந்திருந்தன. பிரிந்துகொண்டிருந்த ஒரு செல்லில் இரண்டு வால்கள் தள்ளிப் போக, அவற்றைப் பிடித்துக்கொண்டு வலையும் பாதிப் பாதியாகப் போய்க்கொண்டிருந்தது.

“பங்கு சரியா இருக்கு” என்றாள் அண்ணி. “இத்தனை வருஷம் இத நான் திட்டிட்டே இருந்திருக்கேன் பாரு, சரியா வெட்ட மாட்டேங்குதுன்னு.”

“கட்டுரை?”

“நான் எழுதினத நானே தப்புன்னு எழுதறேன். உன் பேரு முதல்ல வரட்டும்.”

போன் அதிர்ந்தது. அண்ணன். எடுத்ததும், குழந்தை அழுது வீட்டையே தலைகீழாக்குவது இங்கேயே கேட்டது. பால் சுரந்து அண்ணியின் சட்டை மார்பில் நனைந்தது. “இதோ வந்துட்டேன், இதோ” என்றவள் கண்ணை எடுக்கவே இல்லை.