எந்தத் தோட்டம்?

கடையில் ஜீவனோடு வேலை பார்க்கும் தனுஜா டிக்கெட் எடுக்கப் போய்விட்டாள். பண்டாரவளை ஸ்டேஷன் பெஞ்சில் அவளுடைய அப்பா நல்லையாவும் ஜீவனும் மட்டும். இந்த மனிதருக்குப் பிடித்தால்தான் கல்யாணம். தேயிலை மலையில் யாரைக் கண்டாலும் முதலில் எல்லோரும் கேட்பதையே ஜீவன் கேட்டான்.

“நீங்க எந்தத் தோட்டங்க மாமா?”

நல்லையா தண்டவாளத்தையே பார்த்தார்.

மாமா என்றது தப்போ? காது மந்தமோ? “லயம் ரோட்டோரமாங்களா, மேலயா?” என்று தொழிலாளர் வரிசை வீடுகளைப் பற்றிச் சத்தமாகக் கேட்டான்.

“மீரியபெத்த,” என்றார் அவர். “மண்சரிவுல லயமே மூடிப்போச்சு தம்பி.”

தனுஜா இதைச் சொன்னதேயில்லை. மன்னிப்புக் கேட்பதா, எழுந்து போவதா?

“ஒங்களுக்கு எந்தத் தோட்டம்?” என்றார் அவரே.

“லுணுகலைப் பக்கங்க.”

“லயத்துக்குப் பின்னால மலையா?”

“ஆமாங்க.”

“மழ விடாம பேஞ்சா யோசிக்காதீங்க. அம்மாவக் கூட்டிக்கிட்டு நம்ம புது வீட்டுக்கு வந்துருங்க.”

ஜீவன் விழித்தான். இது சம்மதமா, வெறும் எச்சரிக்கையா?

தனுஜா வந்துவிட்டாள். “அப்படி என்ன பேசுனீங்க ரெண்டு பேரும்?”

“மழையப் பத்தி,” என்றான் ஜீவன். நல்லையா நகர்ந்து, பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டார், ஜீவனுக்குப் பக்கத்தில்.