தப்போடு வாசித்த தாலாட்டு

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் அந்தப் பெண்ணின் வீட்டுப் பியானோவில், எண்பத்தெட்டுக் கட்டைகளில் எண்பத்தைந்து ஒவ்வொன்றாக ஊமையாயின. அதற்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது. கச்சேரி மண்டபத்து வாத்தியத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, மேடை ஓரமாக நின்று பெரிய கலைஞர்கள் வாசிப்பதைக் கேட்பாள். நம்ம வாசிப்பெல்லாம் ஒரு வாசிப்பா என்று நினைத்தபடி வீடு திரும்பினால் ஒரு கட்டை போயிருக்கும். மூடியைத் திறந்து தந்தி, சுத்தியல் எல்லாம் சோதித்தாள். ஊரார் வாத்தியத்தில் மயிரிழைப் பிசகையும் பிடிப்பவளுக்குத் தன்னுடையதில் ஒன்றும் அகப்படவில்லை. குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டி, வாசிப்பதையே விட்டுவிட்டாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில் அவள் ஒரே ஒருமுறை வாசித்த தாலாட்டை மறுபடி கேட்க அவருக்கு ஆசை. வேலை முடிந்து வந்ததும் பியானோ பக்கத்து மர நாற்காலி கிறீச்சிட உட்கார்ந்து, “ஒரு தடவை வாசியேம்மா” என்பார். “இருங்க, கொஞ்சம் நல்லா வரட்டும்” என்பாள். மனிதர் வற்புறுத்தத் தெரியாதவர். அந்தத் தாலாட்டைத் தானே முணுமுணுத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை, பணிமனைப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போகும்வரை அவள் மறுபடி வாசிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, மகள் தட்டு கழுவிக்கொண்டே அந்தத் தாலாட்டை முணுமுணுத்தாள்.

“அந்த இடம் அப்படி இல்லடி, மேல போகணும்.”

“அப்பா இப்படித்தான் பாடுவார். நீ வாசிச்சது இதுதானாம். வேற மாதிரி அவருக்குத் தெரியாதும்மா.”

கல்யாணமான புதிதில் வாசித்த அன்று, அந்த இடத்தில் அவள் விரல் தவறியிருந்தது. அந்தத் தவறை அவர் பத்தொன்பது வருடம், ஒரு சுரம் மாற்றாமல், எல்லா நிறுத்தங்கள் வழியாகவும் கொண்டுபோயிருக்கிறார். அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு பியானோவின் முன் உட்கார்ந்தாள். பாட்டில் பெரும்பகுதிக்குச் சத்தமே வரவில்லை. அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே தப்பான கட்டையை அழுத்தினாள். வருடக்கணக்கில் ஊமையாய்க் கிடந்த அது ஒலித்தது.

மற்ற கட்டைகளும் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பின. இன்றும் மண்டபத்துக்குப் போகிறாள். அங்கே வாசிப்பவர்கள் அவளைவிட நூறு மடங்கு மேல்தான். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் கட்டை எதுவும் போவதில்லை. மாலையில் தாலாட்டை அந்தத் தப்போடு வாசிக்கிறாள். அந்த இடம் வரும்போது அவருடைய காலி நாற்காலி ஒருமுறை கிறீச்சிடும். மகள் எண்ணெய் விடப் போனாள். “விடாதே, இருக்கட்டும்” என்றுவிட்டாள்.