பக்கத்து லைனின் பச்சை

எஞ்சின் கேபினில் மூன்றாவது ஆள் உட்கார இடம் கிடையாது. டிரைவருக்கும் உதவி டிரைவருக்கும் பின்னால், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நகரத்துக்குள் போகும் ரயில் பாதையை நவீனப்படுத்தும் திட்டத்தில் சிக்னல் வடிவமைப்பு அவள் பொறுப்பு. வேலை முடிந்தால் பாதையோரத்தில் சிக்னல் கம்பமே இருக்காது; சிவப்பும் பச்சையும் டிரைவர் முன்னால் திரையில் வந்துவிடும். அதுவரை எந்தக் கம்பத்தை விட்டுவைப்பது, எதை முதலில் எடுப்பது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை ஓட்டம். மாதக்கணக்காக வரைபடத்தில் பார்த்துச் சலித்த பாதை கண்ணெதிரே விரிந்தபோது, தெரிந்த வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைவதுபோல் இருந்தது.

வருகிற ஒவ்வொரு சிக்னலையும் உதவி டிரைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது விதி. கேட்பதற்கு இரண்டு பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் இருக்கும். “மஞ்சள்.” “மஞ்சள்.” டிரைவர் வேகத்தைக் குறைத்தார். தானியக் கிடங்கின் மதிலை ஒட்டி வண்டி வளைந்தது.

“பச்சை,” என்றான் உதவி டிரைவர்.

“பச்சை,” என்றார் டிரைவர். கை தானாக வேகத்தைக் கூட்டப் போனது. அவளும் மனதுக்குள் பச்சை என்றுதான் சொல்லிக்கொண்டாள். மதில் முடிந்தது. இன்னொரு கம்பம், இன்னொரு விளக்கு, இரத்தச் சிவப்பு.

“சிவப்பு! சிவப்பு! அந்தப் பச்சை பக்கத்து லைனுது!” உதவி டிரைவர் கத்தினான்.

மெதுவாக வந்த வண்டி என்பதால் கம்பத்துக்கு முன்னாலேயே நின்றது. டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இங்கதான் மேடம், முன்ன ஒருத்தன் கூட்ஸ் வண்டி மேல கொண்டுபோய் மோதினான். தூங்கிட்டான்னு சொன்னாங்க.”

அந்த ஒருத்தன் அவளுடைய அக்கா புருஷன். அவள் சொல்லவில்லை.

ஏழு வருஷத்துக்கு முந்திய கதை அது. அத்தானுடன் வந்த உதவி டிரைவர் அங்கேயே இறந்துபோனார். பச்சையைத்தான் பார்த்தேன் என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். விசாரணைக்கு வந்தவர்கள் தண்டவாளத்தின் வழியே நடந்து பார்த்தார்கள். தரையிலிருந்து பார்த்தால் பக்கத்து லைனின் விளக்கை மதில் மறைத்துவிடும். டிரைவரின் இருக்கை உயரத்தில்தான் அது மதிலுக்கு மேலே முதலில் முளைக்கும். எஞ்சினில் ஏறிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நடந்தே பழகிய கால்கள். பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், ஓய்வு நேரத்தில் உங்கள் கணவர் தூங்கினாரா என்று. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. குழந்தைக்குக் காய்ச்சல், மடியில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார், கண்ணை மூடவில்லை என்றாள். ஓட்டும்போது தூங்கிவிட்டார் என்று எழுத அது போதாதா? வேலை போயிற்று. இப்போது வீட்டுக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அவர் தூங்கும் நேரத்தில் அக்கா இன்றைக்கும் ஜன்னலை அடைத்து, குக்கர் விசிலைக்கூட அடக்கி, வீட்டையே ஊமையாக்கி வைத்திருக்கிறாள். அவர்கள் மகள் மெதுவாகப் பேசியே வளர்ந்தவள்.

எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்று சொல்லி, அதையே பெயராக வாங்கிக்கொண்ட தலைமைப் பொறியாளர், அவள் அத்தான் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னபோது, அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

“கம்பத்தையே பிடுங்கப் போறோமேம்மா. முதல் கட்டத்துலயே எடுத்துடுவோம். காரணம்னு கேக்கற எடத்துல ‘புதிய திட்டப்படி’ன்னு போட்டா முடிஞ்சுது.”

“ஒரு உசுரு போயிருக்கு சார். ஒரு மனுஷன் பேரு போயிருக்கு.”

“தெரியும். உண்மையை எழுதினா நான் கையெழுத்துப் போடறேன், அந்த டிரைவரும் போடுவாரு. ஆனா பழைய விசாரணையைத் தோண்டுவாங்க. யார் யார் என்ன சொன்னாங்கன்னு மறுபடி வாசிப்பாங்க. உங்க அக்கா சொன்னதையும்தான். யோசிச்சுக்கோ.”

மோசமான மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் நேரே அத்தானிடம் போனாள். கேட்டுக்கு அருகில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். நடுவில் ஒரு கார் வந்தது. எழுந்துபோய்த் திறந்தார், மூடினார், திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“உதவி டிரைவர் என்ன சொன்னான்?”

“பச்சைன்னுதான் சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது அத்தான்.”

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் தேய்த்தார். “அன்னிக்கு அவனும் சொன்னாம்மா. என் காதால கேட்டேன். விசாரணையில சொன்னா, செத்தவன் மேல பழி போடறியாங்கறாங்க. சொல்லிச் சொல்லிப் பார்த்து, அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல கேட்ட குரலாத்தான் இருக்கும்னு...” தெருவைப் பார்த்தார். “அப்போ அவன் நெஜமாவே சொல்லியிருக்கான்.”

பாவி மனுஷன், தன் காதையே நம்பாமல் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்.

“உங்க அக்காகிட்ட சொல்லிடாத,” என்றார். “அவ பொய் சொல்லல. நான் தூங்காதது நெஜம். இது தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. எனக்குப் பழகிடுச்சு, விடு.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்குக் கோபத்தை மூட்டியது. பழகிக்கொள்ள இதென்ன செருப்புக்கடியா? எழுதுவது என்று அங்கேயே முடிவு செய்தாள். எழுதினால் அக்கா அதை யாரோ ஒரு அதிகாரி வாயிலிருந்து கேட்கக் கூடாது. சாலையைக் கடந்து, எதிர்வீட்டு மாடிப்படி ஏறினாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் அவள் சொன்னாள். மடித்த சட்டை ஒன்றை அக்கா பிரித்து, மறுபடி மடித்து, மறுபடி பிரித்தாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு.”

“சொல்லுவாரு.” சட்டையின் காலரை நீவிவிட்டு, “நீ எழுது,” என்றாள்.

“நீ அன்னைக்குச் சொன்னதும் வெளிய வரும்க்கா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.”

“பேசட்டும். நான் சொன்னதுல தப்பில்லடி. அவரு சொன்னத நான் நம்பலையே. பக்கத்துலயே படுத்துக்கிட்டு, ஒரு நாள்கூட நம்பலையே.”

சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து படியிறங்கினாள். செருப்புக்கூடப் போடவில்லை. தங்கை பால்கனிக்கு ஓடிவந்தாள்.

கீழே காலை நேரத்துப் போக்குவரத்து நெருக்கியடித்தது. அக்கா சாலையின் இந்தப் பக்கம் நின்றாள். எதிரே அத்தான் அவளைப் பார்த்துவிட்டார். கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே வந்தார்; உள்ளே நுழைய நின்ற கார் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பேருந்து இருவருக்கும் நடுவில் ஊர்ந்து கடந்தது. அது நகர்ந்ததும், அங்கேயே நில், நான் வருகிறேன் என்பதுபோல் அவர் கையை உயர்த்தினார். அக்கா அதற்குள் வெறுங்காலோடு சாலையில் இறங்கியிருந்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்தன.