சொத்து எண் பதினாலு

காரைக்காலுக்குத் தெற்கே இருந்த அந்தக் காவல் நிலையத்தின் பெயர் வேண்டாம். எழுபத்தொன்பதில் அங்கே ரைட்டராக இருந்த ஏட்டு சிங்காரவேலு கூச்சப்படுவார். மீனவக் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர் அவர். நூறடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆகவே திருடனையும் பிடித்ததில்லை. கடவுள் அவருக்கென்று கொடுத்தது கையெழுத்து ஒன்றுதான். அதை மட்டும் தாராளமாகக் கொடுத்திருந்தார்.

நிலையத்துச் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கியது. புதுச்சேரியிலிருந்து வரும் மேலதிகாரி அறுபத்து மூன்று கேள்விகளை வைத்து நிலையத்தைக் குடைந்து பார்த்துவிட்டு, தேறினால் ‘முதல் தர நிலையம்’ என்று கையொப்பமிட்டுக் கொடுப்பது. ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். மறுவருஷம் தேறாவிட்டால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

அதை வாங்கித் தந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் மதார் சாகிப். அவர் வருவதற்கு முன், புகார் கொடுக்க வந்தவர்களுக்கு அந்த நிலையம் சொன்ன ஒரே பதில் “நாளைக்கு வாங்க.” சாகிப் வந்த பிறகு, வந்தவர் உட்கார பெஞ்சு, குடிக்கப் பானைத் தண்ணீர், கால் மணிக்குள் புகார், கையில் நகல். படிக்கத் தெரியாதவருக்கு சிங்காரவேலு வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். சனிக்கிழமைதோறும் சாகிப் அதே அறுபத்து மூன்று கேள்விகளைத் தம் ஆட்களிடமே கேட்பார். தீயணைப்பு வாளியில் கையை விட்டு, மணல் ஈரமா என்றுகூடப் பார்ப்பார். இப்படியே இரண்டு வருஷம் தேறியாயிற்று. மூன்றாவது ஆய்வு, வரும் செவ்வாய்க்கிழமை.

வினை சேவல் ரூபத்தில் வந்தது. நெரவிப் பக்கம் சேவல் சண்டையில் பிடிபட்ட கருப்பையனின் செவலைச் சேவல், வழக்குச் சொத்து எண் பதினாலு. ஏலம் விட கோர்ட்டு உத்தரவு வரவில்லை. அதுவரை பொறுப்பு ரைட்டருடையது. காலில் அட்டை கட்டிக்கொண்டு கொல்லைப்புறப் பஞ்சாரக் கூடைக்குள் அது நாலு மாதமாகக் குந்தியிருந்தது. லாக்கப்பில் இருப்பவனுக்குக்கூட ஜாமீன் உண்டே என்று சிங்காரவேலுவுக்கு மனசு கேட்கவில்லை. விதிக்கு விரோதமாக, சாயங்காலம் பத்து நிமிஷம் திறந்துவிடுவார். வெள்ளிக்கிழமை அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நாய் வந்தது. மிஞ்சியது நாலு இறகும் அட்டையும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அதே செவலை, அதே உயரம், வாலில் அதே கறுப்பு. வாங்கி வந்து அட்டையைக் கட்டினார். தன் வாழ்நாளில் செய்த ஒரே துப்பறியும் வேலை இதுதான் என்று தோன்றியது. அதுவும் குற்றவாளி தரப்பில்.

திங்கட்கிழமை கருப்பையன் வந்தான். ஜாமீன் நிபந்தனைப்படி வாராவாரம் கையெழுத்துப் போடுபவன். போட்டுவிட்டுச் சேவலைப் பார்க்காமல் போகமாட்டான். பஞ்சாரத்தின் முன் குந்தினான். எழுந்தான்.

“ஏட்டையா, இது யாருங்க?”

“ஒன் சேவல்தாண்டா.”

“என் குரலக் கேட்டா அது கழுத்தத் தூக்கும். இது முதுகக் காட்டுது. என்ன, கொழம்பு வச்சுட்டீங்களா?”

சிங்காரவேலு நடந்ததைச் சொன்னார். கருப்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நாளைக்கு ஆய்வுன்னு சொன்னீங்களே. இது தெரிஞ்சா செவுத்துல மாட்டியிருக்கற சான்றிதழ் கீழ எறங்கிடுமா?”

“எறங்கிடும்.”

“அப்ப இதுதான் என் சேவல். கோர்ட்டுல கேட்டாலும் சத்தியம் பண்றேன். போன வருஷம் எம் பொண்டாட்டி செல்லம்மா தோடு களவு போனப்ப, நீங்கதானே புகார அவளுக்குப் படிச்சுக் காட்டுனீங்க? இந்த ஸ்டேசனுக்காக ஒரு பொய் சொன்னா என்னங்க?”

அதைக் கேட்டதும் சிங்காரவேலுவுக்குக் காது சுட்டது. தன் நிலையத்தைக் காப்பாற்ற, வழக்கின் எதிரியே பொய்ச்சத்தியம் செய்யக் கிளம்பிவிட்டான். இதற்கா ரெண்டு வருஷமாகப் படித்துக்காட்டியது?

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். போ,” என்று அனுப்பிவிட்டு நேரே சாகிப்பின் அறைக்குப் போனார்.

சாகிப் முழுக்கக் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொது நாட்குறிப்பேட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“எழுதுங்க. நாயையும் எழுதுங்க, சந்தையையும் எழுதுங்க. நம்ம ஸ்டேஷன்லயே நல்ல கையெழுத்து உங்களுதுதானே.”

“சான்றிதழ் போயிடும் சார்.”

“போனா ஆணி இருக்குமுல்ல? மறுபடி மாட்டிக்கலாம்.”

செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரி சிரிக்கத் தெரியாதவர். முப்பத்தொன்றாம் கேள்வி: வழக்குச் சொத்துகள் பத்திரமா? சிங்காரவேலு நாட்குறிப்பேட்டை விரித்து நீட்டினார். நீட்டிய வேகத்தில் பேனா உருண்டு அதிகாரியின் பூட்ஸில் விழுந்தது. அதிகாரி இரண்டு முறை படித்தார். பஞ்சாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த ஆள்மாறாட்டக்காரன் கூவித் தொலைத்தான்.

“முப்பத்தொண்ணுக்குச் சைபர்,” என்றார் அதிகாரி. “மெமோ உண்டு.”

மற்றக் கேள்விகள் ஓடின. புகார் கொடுத்த மூன்று பேரின் வீட்டுக்கே போய் நகல் இருக்கிறதா என்று பார்த்தார்; மூன்றும் இருந்தன. ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால். கடைசிக் கேள்வி: நிலையம் தன் தவறுகளைத் தானே கண்டு பதிவு செய்கிறதா?

“ரெண்டு வருஷமா இதுக்கு ‘தவறு ஏதுமில்லை’ன்னு எழுதியிருக்கீங்க,” என்றார் சாகிப்பிடம். “அதுக்கு அரை மார்க்குதான் போட்டாங்க. தப்பே பண்ணாத ஸ்டேஷன நானும் நம்பமாட்டேன். இந்த வருஷம் முழு மார்க்.”

கூட்டிப் பார்த்ததில் நூலிழையில் தேறியது.

சான்றிதழும் மெமோவும் ஒரே தபாலில் வந்தன. சாகிப் ஒன்றை ஆணியில் மாட்டினார். மற்றதை சிங்காரவேலு தம் கையாலேயே கோப்பில் சேர்த்தார், நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு. அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போட வந்த கருப்பையன் சுவரைப் பார்த்தான், பிறகு ஏட்டைப் பார்த்தான்.

“அந்தச் சந்தைச் சேவல்?”

“அது மேல வழக்கில்ல. எடுத்துட்டுப் போ.”

“சண்டைக்கு விடலாங்களா?”

“விட்டுப் பாரு,” என்றார் சிங்காரவேலு. “ஒரு புகார் எழுதி, ஒனக்கே படிச்சும் காட்டறேன்.”