ருமியானாவின் பத்தொன்பது செயலிகள்

கணினியைச் செய்தவர்கள் வீட்டைக் கட்டினார்கள். தாழ்ப்பாள் வைக்க மறந்தார்கள். குடியிருப்பவர்கள் தட்டிக் கேட்டார்களா? இல்லை. கடைகடையாய் ஏறித் தாழ்ப்பாள் வாங்கினார்கள். வாங்கியதைப் பெருமையாகவும் பேசினார்கள். அவர்களில் முதல் வரிசையில் நிற்பவள் எங்கள் ருமியானா.

கணினித் திரையில் திறந்த சாளரங்களை அருகருகே அடுக்க ஒரு செயலி. நகலெடுத்த வரிகளையெல்லாம் நினைவில் வைக்க ஒரு செயலி. இத்தனை செயலிகளின் சின்னங்களையும் மறைத்து வைக்க மற்றொரு செயலி. ஆக மொத்தம் பத்தொன்பது.

டான்யூப் கரையில் உள்ள எங்கள் இசைநாடக அரங்கில், இத்தாலியப் பாட்டுக்குப் பல்கேரிய வரிகளை மேடைக்கு மேலே திரையிடும் வேலை காலியாக இருந்தது. காலையில் நடக்கும் முழு ஒத்திகைதான் அவளுக்குப் பரீட்சை. தேறினால் நிரந்தர வேலை. கணினி அரங்கினுடையது. அதில் எதையும் நிறுவக் கூடாது என்று கணினிப் பொறுப்பாளர் ஸகாரி சொல்லிவிட்டார்.

"ஒரு செயலிகூட இல்லாம எப்படிண்ணே வேலை பாக்கறது?"

"எல்லாரும் பாக்கற மாதிரிதாம்மா. பொறக்கும்போதே பத்தொன்பது கையோடவா வந்தே?"

இடைவேளையில் இயக்குநர் மில்கோ, மூன்றாம் அங்கத்தில் எட்டு வரிகளை மாற்றச் சொன்னார். ருமியானா தன் வழக்கப்படி புதிய வரிகள் எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நகலெடுத்தாள். பிறகு எட்டு இடங்களில் ஒட்டினாள். அவள் வீட்டுக் கணினியாக இருந்தால் எட்டையும் வரிசை மாறாமல் தந்திருக்கும். இதுவோ கடைசியாக எடுத்ததை மட்டுமே அறிந்த கணினி. ஒட்டியதைத் திரும்பிப் பார்ப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அவள் கொள்கை.

திரை உயர்ந்தது. அரசன் போர் முழக்கம் செய்தான். மேலே, எட்டாவது வரியான "கதவைச் சாத்து, காற்று வருகிறது" என்று எழுத்து ஒளிர்ந்தது. மணமகள் நெஞ்சில் கைவைத்துக் கதறினாள்: கதவைச் சாத்து, காற்று வருகிறது. குருவானவர் இருவரையும் ஆசீர்வதித்தார். அவருக்கும் அதே குளிர். அழைப்பின் பேரில் வந்திருந்த ஓய்வூதியர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்துபோய் அரங்கின் கதவைச் சாத்திவிட்டே வந்தார்.

வேலை போயிற்று என்று ருமியானா பையைத் தோளில் மாட்டினாள். மில்கோ அவளை நிறுத்தினார்.

"மூணாவது அங்கத்துல முழிச்சிருந்த கூட்டத்த இன்னிக்குத்தான் பாக்கறேன். ஆனா நாளைக்கு ராஜா அவர் வசனத்தத்தான் பேசணும்."

எட்டு வரிகளையும் கையால் தட்டி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் காட்டச் சொன்னார். காட்டினாள். ஒப்பந்தம் வந்தது, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டாள்.

ஸகாரிக்கு மனம் இளகியது. "சரி போ, ஒண்ணே ஒண்ணு போட்டுக்க. எதுன்னு சொல்லு."

ருமியானா பத்தொன்பதையும் விரல்விட்டு எண்ணினாள். பிறகு, ஒரு வாரம் அவகாசம் கேட்டாள்.